சைகோன் வார் ரெம்னன்ட்ஸ் மியூசியம்: தெற்கத்திக்காரன் எங்கே?

வியட்நாமுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பேக்கேஜ் எடுத்தால் ஹோ சி மின் நகரத்தில் (பழைய சைகோன்தான்) கூ சி சுரங்கத்துக்கு அரை நாள், மீகாங் படகுச் சவாரிக்கு ஒரு நாள், நடுவில் வார் ரெம்னன்ட்ஸ் (போர் எச்சங்கள்) மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் போதவே போதாது, குறைந்தது மூன்று மணி நேரமாவது வேண்டும், முடிந்தால் டூர் பஸ்ஸை விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். நான் பார்த்த போர் அருங்காட்சியகங்களில் மனதை இவ்வளவு பிசைந்தது வேறு எதுவும் இல்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டடத்துக்குள் யாருமே வெறும் மனதோடு நுழைவதில்லை. நம்மவர்களுக்கு வியட்நாம் என்றால் ஒரே கதைதான்: சின்னஞ்சிறு நாடு அமெரிக்காவை அடித்து விரட்டியது. இடதுசாரி மேடைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும்; கல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிற தெருவுக்கே வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் பெயரை வைத்த நாடு நம்முடையது. அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும் வேறு கதையோடு வருகிறார்கள், அதில் பாதி ஹாலிவுட் கொடுத்தது: காட்டுக்குள் தொலைந்துபோன இளம் சிப்பாய், அவன் மனக்காயம், வீடு திரும்பிய பிறகு அவனுக்குக் கிடைத்த அவமதிப்பு. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்ததை வரிசையில் நின்று சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள். மூன்று தரப்புமே உள்ளே போய், கண்கலங்கி, கொண்டுவந்த நம்பிக்கை கொஞ்சமும் கலையாமல் வெளியே வந்துவிட முடியும் என்பதுதான் என் குறை.

மியூசியத்தின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்ட் வடக்கின் கையில் விழுந்தது, அதே ஆண்டு செப்டம்பரிலேயே இதைத் திறந்துவிட்டார்கள். அப்போது அதன் பெயர் அமெரிக்க மற்றும் பொம்மை அரசின் குற்றங்களுக்கான கண்காட்சிக் கூடம். பொம்மை என்று அவர்கள் சொன்னது அமெரிக்க ஆதரவில் இருந்த தென் வியட்நாம் அரசை. 1990 இல் அமெரிக்காவும் பொம்மையும் பெயரிலிருந்து போய், போர் மற்றும் ஆக்கிரமிப்புக் குற்றங்கள் என்று பொதுவாக மாறியது. 1995 இல் அமெரிக்காவோடு தூதரக உறவு மீண்டபோது இப்போதைய பெயர் வந்தது. பெயர்ப்பலகை இரண்டு முறை இளகியிருக்கிறது. உள்ளே சொல்லும் கதையின் எலும்புக்கூடு மட்டும் 1975 இல் போட்டதுதான்.

முற்றத்தில் ஹியூயி ஹெலிகாப்டர், எஃப்-5 போர் விமானம், ஸ்கைரெய்டர், எம்-48 டாங்கி எல்லாம் நிற்கின்றன. எல்லோரும் முதலில் செல்ஃபி எடுப்பது இங்கேதான். பக்கவாட்டில் கோன் தாவ் தீவுச் சிறையின் புலிக்கூண்டுகளை, அதாவது கைதிகளை அடைத்த குறுகிய அறைகளை, மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். முன்பு நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1940 இல் கட்டியதைத் தென் வியட்நாம் அரசு தொடர்ந்து பயன்படுத்தியது. 1970 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவோடு போன ஓர் உதவியாளர் எடுத்த படங்கள் வெளியான பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. கூடவே தலை வெட்டும் கில்லட்டின். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து இறக்கியது, கடைசியாக 1960 இல் தெற்கு அரசு பயன்படுத்தியது. அந்தக் கத்தியை நேரில் பார்க்கும்போது வயிறு கலங்கத்தான் செய்கிறது. தென் வியட்நாம்காரனை இந்த மியூசியத்தில் நீங்கள் தெளிவாகச் சந்திக்கிற இடம் இந்த மூலைதான், சித்திரவதை செய்கிறவனாக. உள்ளே போனால் அந்த வேடத்திலும் அவனைக் காண்பது அரிது.

போர்க்குற்றங்களுக்கான பகுதியில் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகள், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று தொடங்குமே, அது. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் ஹோ சி மின் தன் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்தபோது அதே வரிகளைத்தான் முதலில் சொன்னார். அதைத் தாண்டி அடி எடுத்து வைத்தால் மை லாய், அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் மக்களைக் கொன்று குவித்த கிராமம். 1968 மார்ச் 16, வியட்நாம் கணக்கில் 504 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். படங்களை எடுத்தவர் அமெரிக்க ராணுவத்தின் சொந்தப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லே. ராணுவம் கொடுத்த கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்ததை ஒப்படைத்துவிட்டார், தன் சொந்தக் கேமராவில் இருந்த வண்ணப் படங்கள் அவரிடமே தங்கின, 1969 நவம்பரில் ஒரு நாளிதழில் வெளியாகி உலகையே உலுக்கின. இது பிரச்சாரக் கூடம் என்று முடிவு கட்டிவிட்டு வருகிறவர்களும் இந்தச் சுவரின் முன்னால் வாயடைத்துத்தான் நிற்கிறார்கள், காரணம் சாட்சி சொல்வது அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஆள்.

மியூசியம் பலமாக இருக்கிற இடமெல்லாம் இந்த வகைதான். ஓர் அமெரிக்க சார்ஜென்ட் தனக்குக் கிடைத்த பதக்கங்களைக் கழற்றி இந்த மியூசியத்துக்கே கொடுத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கங்கள், அவற்றோடு ஒரு சிறு தகடு, அதில் ஒன்றுபட்ட வியட்நாமின் மக்களிடம், நான் தவறு செய்தேன், வருந்துகிறேன் என்கிற அர்த்தத்தில் இரண்டே வரி. போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா பல ஆண்டுகள் கழித்து 1995 இல் நாங்கள் பெரும் தவறு செய்தோம் என்று ஒப்புக்கொண்டதும் சுவரில் இருக்கிறது. எதிராளியின் வாயாலேயே சொல்ல வைக்கும்போது பார்க்கிறவர் மனதில் இருக்கிற தடுப்பு தானாக இறங்குகிறது.

இது தெரிந்த மியூசியமே வழுக்குகிற ஒரு பொருள் உள்ளே இருக்கிறது. தான் போங் கிராமத்திலிருந்து கொண்டுவந்த சிமென்ட் வடிகால் குழாய். 1969 பிப்ரவரி 25 இரவு, பாப் கெர்ரி தலைமையில் வந்த அமெரிக்கக் கடற்படைச் சிறப்புப் பிரிவு அந்த ஊருக்குள் புகுந்தபோது மூன்று குழந்தைகள் இதற்குள்தான் ஒளிந்திருந்தார்கள், வெளியே இழுத்துக் கொன்றார்கள் என்கிறது விளக்கப் பலகை. ஒரு பெரிய ஆள் உள்ளே நுழைய முடியாத அளவுதான் அந்தக் குழாய். அதன் வாயைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன்.

கெர்ரி பிறகு நெப்ராஸ்கா மாநிலத்தின் செனட்டர் ஆனவர், 1992 இல் ஜனாதிபதி வேட்பாளராகவும் முயன்றவர். 2001 இல் அவர் தன் குற்றத்தை உலகத்தின் முன் ஒப்புக்கொண்டார் என்கிற பொருளில் பலகை முடிகிறது. அவர் ஒப்புக்கொண்டது வேறு: இருட்டில், தங்கள் மேல் சுட்டதால் திருப்பிச் சுட்டோம், சுட்டு முடித்துப் பார்த்தால் பொதுமக்கள் செத்துக் கிடந்தார்கள், அந்தக் குற்ற உணர்வு என்னை விடவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அவரோடு அன்றிரவு போன இன்னொரு வீரர், மக்களை ஒன்றாக நிறுத்திச் சுட்டோம் என்று சொல்லியிருக்கிறார், அந்தக் கிராமத்துப் பெண் ஒருவர் சொன்னதோடு அது பெரிதும் ஒத்துப்போகிறது. இந்தச் சாட்சியங்களைக் கெர்ரியின் மறுப்போடு சேர்த்தே பலகையில் போட்டிருந்தால் ஒரு அமெரிக்கப் பார்வையாளர் தப்பிக்கவே வழியில்லை. இப்போது என்ன நடக்கும்? அவர் ஹோட்டலுக்குப் போய்த் தேடுவார், கெர்ரி அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்று பார்ப்பார், மொத்த மியூசியத்தையும் பொய் என்று தள்ளிவிடுவார். இவ்வளவு வலுவான சாட்சி கையில் இருக்கும்போது மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, தெற்கத்திக்காரனுக்கு வருகிறேன். உலகத்துக்கே தெரிந்த படம், 1972 ஜூன் 8 அன்று ட்ராங் பாங்கில் எடுத்தது, உடம்பு வெந்து ஆடையில்லாமல் சாலையில் ஓடி வருகிற ஒன்பது வயது கிம் ஃபுக். அந்தப் படம் இங்கே இருக்கிறது. எடுத்தவர் நிக் உட் என்றுதான் இத்தனை காலம் இருந்தது, 2025 இல் அது பெரிய சர்ச்சையாகி வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்தி வைத்தது, ஏபி செய்தி நிறுவனம் அவர் பெயரையே வைத்துக்கொண்டது. நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தப் படத்தின் முன்னால் நின்ற ஒரு தமிழ்க் குடும்பத்தில் அப்பா பிள்ளைகளிடம், "அமெரிக்காக்காரன் குண்டு போட்டான், பின்னாடி துப்பாக்கியோட எப்படி நடந்து வர்றான் பாரு" என்று சொன்னார். அங்கே நிற்கிற பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதையேதான் சொல்வார்கள்.

குண்டு போட்டது தென் வியட்நாம் விமானப்படை. ஓட்டியவர் வியட்நாம்காரர், விமானம் ஸ்கைரெய்டர், முற்றத்தில் நீங்கள் செல்ஃபி எடுத்த அதே ரகம். காவ் தாய் என்கிற உள்ளூர் மதத்தின் கோயிலில் ஒதுங்கியிருந்து வெளியே ஓடிய தங்கள் ஊர் மக்கள் மேலும் தங்கள் படை மேலும் தவறுதலாக நாபாம் என்கிற எரிகுழம்பைக் கொட்டினார்கள். படத்தில் குழந்தைகளுக்குப் பின்னால் நடந்து வருகிற சிப்பாய்களும் தென் வியட்நாம் படையினர். விமானமும் நாபாமும் பயிற்சியும் பணமும் அமெரிக்கா கொடுத்தவை, அந்தப் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. ஆனாலும் ஒரு வியட்நாம்காரர் இன்னொரு வியட்நாம் கிராமத்தின் மேல் எப்படிக் குண்டு போட வந்தார், அவர் யார், எதற்காக அந்தப் பக்கம் நின்றார் என்கிற கேள்வி வந்தால் அந்நியனை விரட்டிய போர் என்கிற ஒற்றைக் கதை ஆட்டம் காணும். அது உள்நாட்டுப் போரும்கூட. அதை உரக்கச் சொல்ல இந்த மியூசியத்துக்கு மனமில்லை.

இறந்தவர் கணக்கிலும் அதே கதைதான். 1995 இல் வியட்நாம் அரசு அறிவித்த எண்ணிக்கை 11 லட்சம் போராளிகள், ஏறத்தாழ 20 லட்சம் பொதுமக்கள். தெற்குப் படையில் செத்தவர்கள் 2 லட்சத்திலிருந்து 2.5 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள், அவர்கள் அந்த 11 லட்சத்துக்குள் வரவில்லை. 1968 இல் டெட் புத்தாண்டுத் தாக்குதலின்போது ஹுவே நகரம் சில வாரங்கள் கம்யூனிஸ்ட் படைகளின் கையில் இருந்தது, பிறகு அங்கே தோண்டிய குழிகளில் ஏறத்தாழ 2,800 உடல்கள் கிடைத்தன. அதற்கு நான் பார்த்த அளவில் ஒரு படம்கூட இல்லை. 1975 க்குப் பிறகு தெற்குப் படை அதிகாரிகளும் அரசு ஊழியர்களும் லட்சக்கணக்கில் மறுகல்வி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், சிலர் பத்து ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே கிடந்தார்கள். படகில் தப்பி வேற்று நாடுகளில் கரையேறியவர்கள் மட்டும் 1995 வரைக்கும் ஏறத்தாழ 8 லட்சம், கடலில் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த முகாம்களைப் பற்றியும் படகுகளைப் பற்றியும் நான் பார்த்த எந்தச் சுவரிலும் எதுவும் இல்லை. சைகோனில் இன்று வாழ்கிற எத்தனையோ குடும்பங்களில் தாத்தா தெற்குப் படையில் இருந்தவர். அந்தப் பேரன் பள்ளிச் சீருடையில் இங்கே வந்து பார்த்தால் தன் வீட்டு மனிதர் ஒருவரைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டும்.

வென்றவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வாஷிங்டனில் 1982 இல் திறந்த கறுப்புக் கிரானைட் சுவரில் 58,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள், அவர்களோடு சேர்ந்து சண்டையிட்டுச் செத்த தெற்கத்திக்காரன் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அதே ஊரில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், சுதந்திரத்தின் விலை என்கிற தலைப்பில் 2004 முதல் நடக்கும் கண்காட்சியில், இதே ஹியூயி ஹெலிகாப்டர் நிற்கிறது. சைகோனில் அது கொலைக் கருவி, வாஷிங்டனில் அது காயம்பட்ட நம் பையனைத் தூக்கி வந்த வண்டி. இரண்டுமே உண்மைதான். அமெரிக்கா அதைத் தன் மனக்காயமாகச் சொல்கிறது, வியட்நாம் தன் வெற்றியாகச் சொல்கிறது, இந்த இரண்டு கதைக்கும் இடைஞ்சலாக இருப்பவன் தெற்கத்திக்காரன் ஒருவன்தான்.

ஏஜென்ட் ஆரஞ்சு அறையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், எழுதவும் முடியவில்லை. சுவரே ஆரஞ்சு வண்ணம். 1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படை காடுகளின் மேலும் பயிர்களின் மேலும் 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி தெளித்திருக்கிறது, அதில் முக்கியமானது ஏஜென்ட் ஆரஞ்சு, அதில் கலந்திருந்த டயாக்சின் என்கிற நஞ்சு மண்ணிலும் உடம்பிலும் தங்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கை 2005 இல் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தா நாங் விமான நிலையத்து மண்ணை மட்டும் அமெரிக்கா பணம் போட்டு 2018 வாக்கில் சுத்தம் செய்து கொடுத்தது. மண்ணுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு மனிதர்களுக்குக் கிடைத்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த அறை, மேல் மாடியில், ரெக்வியம். இந்தோசீனப் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) போர்களில் செத்த புகைப்படக்காரர்களின் படங்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், எல்லாத் தரப்பிலிருந்தும். இதை வியட்நாமுக்குக் கொடுத்தது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். 1954 இல் கண்ணிவெடியை மிதித்துச் செத்த ராபர்ட் கேபா இருக்கிறார், 1971 இல் லாவோஸ் வானில் ஹெலிகாப்டரோடு விழுந்த லாரி பர்ரோஸ் இருக்கிறார், தாயும் பிள்ளைகளும் கழுத்தளவு ஆற்றைக் கடக்கிற படத்தை எடுத்த ஜப்பானியர் சவாடா இருக்கிறார். வடக்குப் படையோடு காட்டில் நடந்த, பெயர் அதிகம் வெளியே தெரியாத வியட்நாம் புகைப்படக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அவர்களோடு ஒருவராக ஹுயின் தான் மி. தெற்கத்திக்காரர், ஏபி நிறுவனத்துக்காகப் படம் எடுக்கப் போய் 1965 இல் கொல்லப்பட்டவர், நிக் உட்டின் அண்ணன். தம்பி அந்த வேலைக்குப் போனதே அண்ணன் செத்த பிறகுதான்.

கட்டடத்திலேயே இந்த ஓர் அறையில்தான் வடக்கு, தெற்கு, அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே வகைச் சட்டகத்தில் மாட்டப்பட்டிருக்கிறார்கள், யாருக்கும் பொம்மை என்றோ ஆக்கிரமிப்பாளன் என்றோ அடைமொழி கிடையாது. இங்கே மட்டும் மக்கள் பேசாமல் நகர்வதையும், படித்த பலகையையே திரும்பப் போய்ப் படிப்பதையும் பார்த்தேன். இந்த அறையைப் போட்டவர்களிடம் மற்ற அறைகளையும் ஒருமுறை கொடுத்துப் பார்த்தால் உலகத்தின் மிகச் சிறந்த போர் அருங்காட்சியகம் இதுதான் ஆகும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். வெளியே வந்ததும் கால்நடையாகவே ட்ருவோங் டின் தெருவுக்குப் போங்கள், அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழர்கள் கட்டியது. இப்போது ஊதுபத்தியோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். செட்டியார்கள் இங்கே வட்டித் தொழில் செய்தார்கள், மீகாங் பகுதி விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் வரி வசூலிலும் போலீசிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள், பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போய் இந்தோசீனாவில் சண்டையிட்டவர்கள் குடும்பம் பாண்டிச்சேரியில் இன்றும் உண்டு. அந்தக் கில்லட்டினைக் கொண்டுவந்த ஆட்சியில் நம் ஆட்களுக்கும் சம்பளம் இருந்தது. நாம் வியட்நாமின் தோழர்கள் என்கிற பெருமையோடு உள்ளே போகிறவர்கள் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். 1975 க்குப் பிறகு பெரும்பாலான தமிழர்கள் ஊரைக் காலி செய்தார்கள், கோயில்கள் மட்டும் நின்றுவிட்டன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். 28, வோ வான் டான் தெரு. காலை 7:30 முதல் மாலை 5:30 வரை. டிக்கெட் 40,000 டாங், நம் பணத்தில் 130, 140 ரூபாய்தான் வரும், ரொக்கமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் டூர் பஸ்கள் வந்து இறங்கிவிடும், பலகைகளை நின்று படிக்க முடியாது. முற்றத்தில் நேரத்தைக் கரைக்காமல் முதலில் மேல் மாடிக்கு ஏறி ரெக்வியத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கீழே இறங்கி வாருங்கள், வரிசையை மாற்றினாலே மற்ற அறைகளில் கண்ணுக்கு வேறு விஷயங்கள் தெரிகின்றன. கீழே ஏஜென்ட் ஆரஞ்சால் பாதிக்கப்பட்டவர்கள் செய்த கைவினைப் பொருள்கள் விற்பனைக்கு இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளை மை லாய் பகுதிக்கும் ஆரஞ்சு அறைக்கும் கூட்டிப் போக வேண்டாம், ஒருவர் முற்றத்தில் அவர்களோடு இருந்துகொண்டு மாறி மாறிப் பார்க்கலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள், கிம் ஃபுக் படத்தின் முன்னால் நிறுத்தி, பின்னால் வருகிற சிப்பாய்கள் யார் என்று முதலில் அவர்களையே கேளுங்கள்.